மடக்குக் கத்தி செய்யப் பழகலாம்

ஓலைச்சுவடிக் காலத்தில் எழுத்தாணிகள் மூன்று வகையாக இருந்தன. தலைப்பகுதி குண்டாக அமைந்த குண்டெழுத்தாணி எழுதப் பழகுவோருக்கு உரியது. ஒரு முனையில் எழுத்தாணியும் மறுமுனையில் ஓலையை வாரிச் சீராக்கும் கத்தியும் உடையது வாரெழுத்தாணி. மூன்றாவது மடக்கெழுத்தாணி. இதில் எழுத்தாணி ஒருபுறமும் சிறு கத்தி மறுபுறமும் இருக்கும். இரண்டையும் கைப்பிடிக்குள் மடக்கி வைத்துக்கொள்ளலாம். எழுத்தோடு வாழ்ந்தவர்கள் கையில் ஒரு மடக்குக் கத்தி இருப்பது அன்று இயல்பான செய்தி.

ஐரோப்பாவிலும் இதே கதைதான். அங்கே இறகுப் பேனாவால் எழுதினார்கள். இறகின் முனை எழுத எழுத மழுங்கும். அடிக்கடி சீவ வேண்டும். சிறு பிள்ளைகளுக்கு இறகு சீவிக் கொடுப்பது பள்ளி ஆசிரியரின் அன்றாட வேலைகளுள் ஒன்றாக இருந்தது. அதற்கான சிறு கத்திக்குப் 'பேனாக் கத்தி' என்று பெயர் வந்தது. இறகு போய் எஃகு முள் வந்த பின்னும் பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

ஜப்பானில் இறகுக்குப் பதில் பென்சில். ஹியோகோ மாகாணத்தின் மிகி நகரக் கொல்லர்கள் 1890-களில் 'ஹிகோனோகாமி' என்ற மலிவான மடக்குக் கத்தியைச் செய்யத் தொடங்கினார்கள். பல தலைமுறைப் பள்ளிப் பிள்ளைகள் அதனால்தான் பென்சில் சீவினார்கள். 1960 அக்டோபரில் அரசியல் தலைவர் இனெஜிரோ அசனுமா மேடையிலேயே 17 வயது இளைஞன் ஒருவனால் குறுவாளால் குத்திக் கொல்லப்பட்டார். அதன் பின் பிள்ளைகள் கையில் கத்தி கூடாது என்ற இயக்கம் நாடெங்கும் பரவியது. பென்சில் சீவும் கருவிகளும் பெருகின. கத்தி செய்த பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. ஆனாலும் நாகானோ மாகாணத்தின் இகேடா என்ற சிற்றூரில் உள்ள அய்சோமே தொடக்கப் பள்ளி, 1980-களிலிருந்து தன் மாணவர்களுக்கு ஹிகோனோகாமியைக் கொடுத்துப் பென்சில் சீவப் பழக்கிவருகிறது.

இக்கட்டுரை இப்படிப்பட்ட ஒரு கத்தியைப் பெரியவர்களான நாம் கையால் செய்யக் கற்பது பற்றியது. பல நாடுகளில் மருத்துவர்கள், ஓட்டுநர்கள், ஓய்வுபெற்றவர்கள் எனப் பலரும் இதைப் பொழுதுபோக்காகச் செய்துவருகிறார்கள். ஆசிரியருக்கு இதில் தனியாக ஒரு பயன் உண்டு. பல ஆண்டுகளாகக் கற்பித்துக்கொண்டிருக்கும் நாம், எதுவும் தெரியாத நிலையிலிருந்து ஒரு திறனைக் கற்பது எப்படியிருக்கும் என்பதை மறந்துவிடுகிறோம். 'இவ்வளவு எளிதானது இவனுக்கு ஏன் வரவில்லை?' என்ற கேள்வி நம்மிடம் எழுவது அதனால்தான். மடக்குக் கத்தி நம்மை மீண்டும் முதல் பெஞ்சில் உட்கார வைக்கும். பிழை எங்கே என்பதையும் அதுவே காட்டும்.

உள்ளே இருப்பவை

மடக்குக் கத்திகளில் பல வகைகள் உண்டு. நாம் இரண்டை மட்டும் பார்ப்போம்.

முதலாவது, உராய்வால் நிற்கும் கத்தி. ஹிகோனோகாமி இவ்வகை. இதில் மூன்றே பாகங்கள்: அலகு, வளைத்து மடித்த ஒரே தகட்டாலான கைப்பிடி, இரண்டையும் இணைக்கும் ஓர் ஆணி. அலகின் அடிப்பகுதியில் சிறு வால் போன்ற நீட்சி இருக்கும். கத்தியைத் திறந்ததும் அந்த வால் கைப்பிடியின் முதுகில் படுத்துக்கொள்ளும். அதைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்திருக்கும் வரை அலகு மடங்காது. பூட்டு கிடையாது, வில்லும் கிடையாது.

இரண்டாவது, முதுகில் வில் வைத்த கத்தி. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரம் இதற்குப் பெயர்பெற்றது. நம் வீடுகளில் பழைய பேனாக் கத்தி இருந்தால் அதுவும் பெரும்பாலும் இவ்வகையாகவே இருக்கும். இதன் கைப்பிடியில் இரண்டு மெல்லிய பித்தளைத் தகடுகள் இருக்கும். அவற்றுக்கு வெளியே மரமோ கொம்போ ஒட்டியிருக்கும். தகடுகளுக்கு நடுவே, முதுகுப்பக்கமாக ஓர் எஃகுப் பட்டை ஓடும். அதுதான் வில். பின்முனையில் ஓர் ஆணியும் நடுவில் ஓர் ஆணியும் அதை இறுக்கிப் பிடித்திருக்கும். முன்முனை மட்டும் கட்டின்றி அசையும். அந்த முனை, அலகின் அடிப்பகுதியை எப்போதும் அழுத்திக்கொண்டிருக்கும்.

அலகின் அடிப்பகுதியை நாம் 'அலகடி' என்று அழைப்போம். அதன் நடுவே ஒரு துளை. அத்துளையில் உள்ள ஆணியைச் சுற்றியே அலகு திரும்புகிறது. அலகடி ஏறத்தாழச் சதுரமானது. அதன் மூன்று பக்கங்கள் வேலை செய்கின்றன. கத்தி முழுதும் திறந்திருக்கும்போது ஒரு பக்கம் வில்லின் அடியில் பொருந்தும். பாதி மடங்கியதும் அடுத்த பக்கம் பொருந்தும். முழுதும் மூடியதும் மூன்றாவது பக்கம் பொருந்தும். ஒரு பக்கத்திலிருந்து அடுத்த பக்கத்துக்குத் திரும்பும்போது இடையில் மூலை ஒன்று வரும். பக்கத்தைவிட மூலை, நடு ஆணியிலிருந்து அதிகத் தொலைவில் இருப்பதால் அது வில்லை மேலே தள்ளும். மூலை கடந்ததும் வில் மீண்டும் இறங்கிச் சட்டென்று பக்கத்தில் உட்காரும். 'டக்' என்ற அந்த ஒலி அங்கிருந்துதான் வருகிறது. நன்றாகச் செய்த கத்தியை ஒலியை வைத்தே அடையாளம் சொல்வார்கள், பழகியவர்கள்.

நெம்புகோல், மீட்சி விசை, உராய்வு, ஆரம் ஆகிய நான்கும் ஏழு எட்டு சென்டிமீட்டர் நீளத்துக்குள் அடங்கிவிடுகின்றன.

அட்டையில் தொடக்கம்

கற்றல் உலோகத்தில் தொடங்குவதில்லை. தடித்த அட்டை, கத்தரிக்கோல், நான்கைந்து குண்டூசி ஆகியவை போதும்.

அலகையும் வில்லையும் கைப்பிடியையும் தனித்தனியாக அட்டையில் வெட்ட வேண்டும். மென்மரப் பலகையின் மீது கைப்பிடியை வைத்து, ஆணி வர வேண்டிய இடங்களில் குண்டூசியைக் குத்தி, மற்றவற்றைப் பொருத்தி அலகைத் திருப்பிப் பார்க்க வேண்டும். முதல் முறை திருப்பியதும் ஏதேனும் ஒன்று தவறாக நிற்கும். மூடும்போது அலகின் முனை கைப்பிடிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கலாம். அல்லது, கூர்முனைப் பக்கம் வில்லின் மீது மோதலாம். திறந்தால் அலகு நேராக நிற்காமல் நிமிர்ந்தோ தொங்கியோ நிற்கலாம்.

இவற்றுக்கெல்லாம் காரணம் பெரும்பாலும் துளையின் இடம்தான். துளை 1 மி.மீ. நகர்ந்தால் அலகின் முனை அதைவிடப் பல மடங்கு நகரும். அட்டையில் இதைக் கண்டுபிடித்தால் இழப்பு ஓர் அட்டைத்துண்டு. எஃகில் கண்டுபிடித்தால் பல நாள் உழைப்பு வீண். அதனால் அனுபவமுள்ளவர்களும் புதிய வடிவம் ஒன்றைச் செய்யுமுன் அட்டையில் வெட்டிப் பார்க்கிறார்கள்.

இங்கே ஒரு சிறு செய்தி. மூடிய நிலையில் கூர்முனை வில்லில் படாமலிருக்க, அலகடியும் கூர்முனையும் சேரும் இடத்தில் ஒரு சிறு புடைப்பை விட்டுவைப்பார்கள். கத்தி மூடும்போது அப்புடைப்பு மட்டுமே வில்லில் தங்கும். அட்டை மாதிரி செய்யாதவர்கள் பெரும்பாலும் மறந்துவிடுவது இதைத்தான்.

முதல் கத்தி, இரண்டாம் கத்தி

முதலில் உராய்வுக் கத்தி செய்வது நல்லது. இதில் கற்க வேண்டியவை மூன்று: கோட்டின் மீது அறுப்பது, சமமாக அராவுவது, நேராகத் துளையிடுவது. இவை கேட்க எளியவை. அரத்தைத் தள்ளும்போது கை இயல்பாகவே மேலும் கீழும் ஆடும்; அதனால் பரப்பு தட்டையாக வராமல் நடுவில் மேடாக வரும். ஒரு சிறிய எஃகுத்துண்டைத் தட்டையாக அராவப் பல மாலைப் பொழுதுகள் ஆகும். பேனா மையைப் பரப்பில் பூசிவிட்டு ஓரிரு முறை அராவினால் மை அழிந்த இடம் மேடு, அழியாத இடம் பள்ளம் என்று தெரியும். அடுத்த தள்ளலை எங்கே செலுத்துவது என்பதை மை சொல்லிவிடும்.

தேவையான கருவிகள் அதிகமில்லை. மேசையில் பொருத்திய ஒரு வைஸ், இரும்பறுக்கும் ரம்பம், தட்டை அரம் இரண்டு (ஒன்று சொரசொரப்பு, ஒன்று நைசு), சிறு சுத்தியல், மூலைமட்டம், துளையிடும் இயந்திரம், பல தர உப்புத்தாள் ஆகியவை போதும். கையில் பிடிக்கும் டிரில்லைவிடத் தாங்கியில் நிற்கும் டிரில் நல்லது. துளை சாய்ந்துவிட்டால் அலகும் கைப்பிடிக்குள் சாய்ந்தே இறங்கும்.

இரண்டாம் கத்தி வில் வைத்தது. அலகும் வில்லும் ஒரே தடிப்பில், 2.5 முதல் 3 மி.மீ. வரை இருக்கும். பித்தளைத் தகடு சுமார் 1 மி.மீ. வில்லின் முன்முனை, ஆணிகளைப் பூட்டுமுன் அது நிற்க வேண்டிய இடத்தைவிடச் சுமார் 1 மி.மீ. தாழ்வாக இருக்குமாறு வரைய வேண்டும். அலகைப் பொருத்தும்போது வில் அந்த அளவு மேலே வளையும். எப்போதும் அழுத்திக்கொண்டிருக்கும் விசை இப்படித்தான் கிடைக்கிறது.

மூன்று நிலைகள்

இக்கலையின் நடுப்பகுதி இதுதான். கத்தி திறந்திருந்தாலும், பாதி மடங்கியிருந்தாலும், மூடியிருந்தாலும் வில்லின் முதுகு கைப்பிடித் தகடுகளின் முதுகோடு ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். அலகடியின் மூன்று பக்கங்களும் நடு ஆணியிலிருந்து ஒரே தொலைவில் இருந்தால்தான் இது நடக்கும். ஒரு பக்கம் சற்று அதிகமாக இருந்தால் அந்த நிலையில் வில் மேலெழுந்து நிற்கும். குறைவாக இருந்தால் தாழ்ந்து நிற்கும்.

சோதிப்பதற்குப் பெரிய கருவி வேண்டியதில்லை. தற்காலிக ஆணிகளால் எல்லாவற்றையும் பொருத்தி, முதுகின் குறுக்கே விரல் நகத்தை இழுத்துப் பார்த்தாலே போதும். கண்ணுக்குத் தெரியாத மேடும் நகத்தில் தட்டுப்படும். துல்லியம் வேண்டுவோர் டயல் கேஜ் வைத்து அளப்பார்கள்.

ஓர் எடுத்துக்காட்டு. திறந்த நிலையை 0 என்று கொள்வோம். பாதி நிலையில் வில் 0.10 மி.மீ. மேலே நிற்கிறது. மூடிய நிலையில் 0.25 மி.மீ. மேலே நிற்கிறது. அப்படியானால் பாதி நிலைப் பக்கத்தில் சிறிதும், மூடிய நிலைப் பக்கத்தில் அதைவிடச் சற்று அதிகமாகவும் அராவ வேண்டும். இரண்டு மூன்று முறை அரத்தைத் தள்ளியதும் கழுவித் துடைத்து மீண்டும் பொருத்திப் பார்க்க வேண்டும். மீண்டும் கழற்ற வேண்டும். மீண்டும் அராவ வேண்டும்.

இனி, மூடிய நிலையில் வில் 0.10 மி.மீ. தாழ்ந்து நின்றால்? அராவிய எஃகை மீண்டும் ஒட்ட முடியாது. அந்தத் தாழ்ந்த நிலையையே அளவாகக் கொண்டு மற்ற இரண்டு பக்கங்களையும் அதற்கு இணையாகக் குறைக்க வேண்டும். பிறகு தகடுகளின் முதுகையும் அந்த மட்டத்துக்கு அராவிக்கொள்ளலாம். மூன்றில் எது மிகப் பின்தங்கியிருக்கிறதோ, அதிலிருந்துதான் சீரமைப்பைத் தொடங்க முடியும்.

இந்தக் கட்டத்தில் யாரும் நமக்கு மதிப்பெண் போடுவதில்லை. ஆசிரியரும் அருகில் இல்லை. ஆனாலும் ஒவ்வொரு சில நிமிடத்துக்கும் ஒருமுறை, என்ன சரி, எது தவறு, எந்தப் பக்கம், எவ்வளவு என்ற விவரம் கிடைத்துக்கொண்டே இருக்கிறது. வளரறி மதிப்பீடு என்று நாம் பயிற்சிகளில் படித்தது இதுதான். இரண்டு மணி நேரம் இதில் இருந்தவர்கள், விடைத்தாளின் ஓரத்தில் 'கவனம் தேவை' என்று மட்டும் எழுதித் தருவது மாணவருக்கு எவ்வளவு குறைந்த உதவி என்பதை உணர்வார்கள். எந்தப் பக்கத்தை அராவ வேண்டும் என்பதை அந்தச் சொற்கள் சொல்வதில்லை.

நெருப்பும் எண்ணெயும்

வாங்கும்போது எஃகு மென்மையாக இருக்கும். அதனால்தான் அறுக்கவும் அராவவும் துளையிடவும் முடிகிறது. ஆனால் அந்த நிலையில் கூர் நிற்காது. அதைக் கடினப்படுத்த வேண்டும். கடினமான பின் துளையிட முடியாது என்பதால், எல்லாத் துளைகளையும் முன்பே முடித்துவிட வேண்டும். வரிசையை மாற்றினால் வேலை கெடும்.

எல்லா இரும்பும் கடினமாகாது. சாதாரணக் கட்டுமானக் கம்பியில் கரிமம் மிகக் குறைவு. அதைச் சுட்டுத் தோய்த்தாலும் பயன் குறைவு. கத்திக்கு ஏற்ற எளிய எஃகில் சுமார் 0.95 விழுக்காடு கரிமம் இருக்கும். பால் பேரிங்குகளுக்கான இ.என்.31 எஃகில் ஏறத்தாழ 1 விழுக்காடு கரிமமும் சிறிது குரோமியமும் உண்டு. பழைய இரும்புக் கடையில் கிடைக்கும் துண்டு என்ன எஃகு என்று தெரியாது. எனவே முதல் கத்திக்கு, தரம் தெரிந்த எஃகை வாங்குவதே சிக்கனம்.

0.95 விழுக்காடு கரிம எஃகை ஏறத்தாழ 800 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்ற வேண்டும். இந்த வெப்பத்தில் இரும்பு அணுக்களின் அடுக்குமுறை மாறி, கரிமம் அதற்குள் கரைந்துவிடும். வெப்பமானி இல்லாதவர்களுக்கு ஒரு காந்தம் உதவும். இரும்பு 770 டிகிரி அளவில் காந்த ஈர்ப்பை இழக்கும். உலையில் சிவந்த அலகில் காந்தம் ஒட்டாத நிலை வந்து, அதற்குச் சற்று மேலே நிறம் கூடியதும் எடுக்க வேண்டும். மங்கிய வெளிச்சத்தில்தான் நிறம் சரியாகத் தெரியும். வெயிலில் உலை வைத்தால் கண் ஏமாறும்.

எடுத்த அலகை உடனே வெதுவெதுப்பான சமையல் எண்ணெயில் நேராக இறக்க வேண்டும். நம் ஊர்க் கொல்லர்கள் 'தோய்ச்சல்' என்று சொல்வது இதைத்தான். வேகமாகக் குளிர்வதால் கரைந்த கரிமம் வெளியேற வழியின்றி உள்ளேயே சிக்கிக்கொள்கிறது. எஃகு மிகக் கடினமாகிறது. அரத்தை வைத்து இழுத்தால் பற்றாமல் வழுக்கிக்கொண்டு போகும். ஆனால் இந்த நிலையில் அது கண்ணாடி போன்றது. கீழே விழுந்தால் உடையக்கூடும்.

எனவே மூன்றாவது படி, பதம் கொடுத்தல். அலகை 200 டிகிரி அளவில் ஒன்றிரண்டு மணி நேரம் வைக்க வேண்டும். வீட்டு மின் அடுப்புப் பெட்டியே போதும். கடினம் சிறிது குறையும். உடையாத தன்மை கூடும். வில்லுக்கு இது போதாது. அது ஆயிரக்கணக்கான முறை வளைந்து நிமிர வேண்டும். அதனால் அதை 300 டிகிரிக்கும் மேலே சூடேற்றுவார்கள். எஃகை மெருகேற்றிவிட்டுச் சூடேற்றினால் 220 டிகிரி அருகில் வைக்கோல் நிறமும், 300 டிகிரி அருகில் நீலமும் தோன்றும். சூட்டில் உருவாகும் மிக மெல்லிய ஆக்சைடு படலத்தின் தடிப்பு மாறுவதால் வரும் நிறங்கள் இவை. சோப்புக் குமிழியிலும், மழைக்காலச் சாலையில் சிந்திய எண்ணெயிலும் நாம் காணும் நிறங்களுக்கும் இதே ஒளிக் குறுக்கீட்டு விளைவுதான் காரணம்.

ஒரே எஃகு, ஒரே உலை. அலகுக்கு ஒரு பதம், வில்லுக்கு வேறு பதம். இரண்டுக்கும் ஒரே சூட்டைக் கொடுத்தால் ஒன்று கூர் நிற்காது, அல்லது மற்றது உடையும்.

உலை அமைக்க வசதியில்லாதவர்கள் இந்த ஒரு கட்டத்துக்கு மட்டும் பக்கத்து ஊர்க் கொல்லரை நாடலாம். அரிவாளுக்கும் கதிர் அரிவாளுக்கும் அவர் நாள்தோறும் செய்யும் வேலைதான். அவர் நிறம் பார்க்கும் விதத்தை அருகில் நின்று கவனிப்பதே ஒரு பாடம்.

முடிக்கும் நேரம்

கடைசியாக ஆணியைத் தறைதல். அலகு திரும்பும் ஆணியைச் சுத்தியலால் தட்டித் தட்டி அதன் முனையை விரியச் செய்ய வேண்டும். பலமாக அடித்தால் தகடுகள் அலகை நெரித்துவிடும்; கத்தி திறக்காது. குறைவாக அடித்தால் அலகு இருபுறமும் ஆடும். இதற்காக அலகடிக்கும் தகட்டுக்கும் இடையே ஒரு மெல்லிய காகிதத் துண்டை வைத்துத் தறைந்துவிட்டு, பின் காகிதத்தை இழுத்தெடுப்பவர்கள் உண்டு. காகிதத்தின் தடிப்பே அலகு அசைவதற்கான இடைவெளி ஆகிறது. ஒரு சொட்டு எண்ணெய் விட்டுப் பத்திருபது முறை திறந்து மூடினால் அசைவு சீராகும்.

கைப்பிடிக்குத் தச்சரிடம் கிடைக்கும் தேக்குத் துண்டோ கருவேலத் துண்டோ போதும். கூர் வைப்பது எல்லாவற்றுக்கும் கடைசி. அதுவரை அலகின் ஓரம் மழுங்கலாகவே இருப்பதால், வேலையின் பெரும்பகுதி வெட்டுக்காயம் படாத வேலை.

ஆனாலும் பாதுகாப்பில் தளர்வு கூடாது. அறுக்கும்போதும் சாணை பிடிக்கும்போதும் கண்ணாடி அணிய வேண்டும். மரத்தூளும் உலோகத்தூளும் நுரையீரலுக்குத் தீங்கு, முகக்கவசம் தேவை. துளையிடும்போது தகட்டைக் கையால் பிடிக்கக் கூடாது. டிரில் பிட் சிக்கினால் தகடு சுழன்று விரலை அறுக்கும். இறுக்கிப் பிணைத்த பின்னரே துளையிட வேண்டும். தோய்க்கும் எண்ணெய் உலோகப் பாத்திரத்தில் இருக்க வேண்டும். மூடி அருகில் இருக்க வேண்டும். எண்ணெய் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாமல் மூடியால் மூடி அணைக்க வேண்டும். செய்த கத்தி வீட்டோடு இருக்கட்டும். பள்ளிக்கு எடுத்து வர வேண்டியதில்லை.

வகுப்பறைக்கு எடுத்துச் செல்ல

கத்தி வீட்டில் இருக்கட்டும் என்றால் வகுப்பறைக்கு என்ன?

கைவேலையைப் பொதுக்கல்வியின் பகுதியாக்கிய நாடுகளுள் பின்லாந்து முதன்மையானது. உனோ சிக்னேயுஸ் என்ற கல்வியாளரின் முயற்சியால் 1866-இல் அந்நாட்டு மக்கள் பள்ளிகளில் கைவினை ஒரு பாடமானது. அவரிடமிருந்து ஊக்கம் பெற்றவர் சுவீடனின் ஓட்டோ சாலமன். கோத்தன்பர்க் நகருக்கு அருகே நேஸ் என்னும் இடத்தில் அவர் 1870-களில் ஆசிரியர் பயிற்சியைத் தொடங்கினார். பல நாட்டு ஆசிரியர்கள் அங்கு சென்று பயின்றார்கள். அந்தக் கல்விமுறைக்கு 'ஸ்லாய்டு' என்று பெயர். பிள்ளைகள் கையில் முதலில் கொடுக்கப்பட்ட கருவி கத்தி. முதலில் செய்தது, சிறிய எளிய மரப்பொருள். அங்கிருந்து ஒவ்வொரு பொருளும் முந்தையதைவிட ஒரே ஒரு படி கடினமாக அமைக்கப்பட்டிருந்தது. எளியதிலிருந்து கடினத்துக்கு, தெரிந்ததிலிருந்து தெரியாததற்கு. நம் செயல்வழிக் கற்றலின் ஏணிப்படிகளைப் பயன்படுத்திய ஆசிரியர்களுக்கு இது புதிதல்ல. சாலமன் மற்றொன்றையும் வலியுறுத்தினார்: இப்பாடத்தைக் கைவினைஞர் அல்ல, பயிற்சி பெற்ற ஆசிரியரே நடத்த வேண்டும். பிள்ளை நல்ல தச்சராவது அவருடைய நோக்கமில்லை. உழைப்பின் மதிப்பும், துல்லியமும், தன் வேலையைத் தானே சரிபார்க்கும் பழக்கமும் வளர வேண்டும் என்பதே நோக்கம். 1937-இல் வார்தாவில் காந்தியடிகள் முன்வைத்த ஆதாரக் கல்வியும் கைத்தொழிலைக் கல்வியின் நடுவில் வைத்தது.

இவற்றோடு மடக்குக் கத்தி தரும் பாடங்களைச் சேர்த்துப் பார்த்தால், நாளையே வகுப்பில் செய்யக்கூடியவை சில உண்டு.

முதலாவது, அட்டை மாதிரி. அலகுக்குப் பதில் மொட்டையான ஒரு அட்டைக்கை, அட்டைக் கைப்பிடி, ஒரு பித்தான் அல்லது குண்டூசி ஆகியவற்றைக் கொண்டு, 'இந்தக் கை மடங்கும்போது வெளியே நீட்டாமல் கைப்பிடிக்குள் முழுதும் அடங்க வேண்டும்; துளையை எங்கே போடுவீர்கள்?' என்று கேட்கலாம். ஆறாம் வகுப்பு மாணவரும் ஆர்வத்தோடு ஈடுபடுவார். சுழற்சி, ஆரம், சமச்சீர் ஆகியவை கணக்குப் பாடத்தின் சொற்களாக இல்லாமல் கையில் தெரியும். அளவுகோலை எடுக்குமாறு நாம் சொல்ல வேண்டியிருக்காது.

இரண்டாவது, பிழை மலிவாக இருக்கும் கட்டம். கட்டுரை எழுதச் சொல்லும்போது நேராக நோட்டில் எழுதச் சொல்கிறோம். அங்கே அடித்தல் ஓர் அவமானம். அதற்கு முன் துண்டுத்தாளில் ஒரு வரைவு எழுதச் செய்து, அதில் திருத்தம் செய்வதை இயல்பாக்கினால் அது மாணவரின் அட்டை மாதிரி ஆகும். கணக்கிலும் அப்படியே. விடையைத் தோராயமாகச் சொல்லிப் பார்ப்பது, செய்முறையைத் தொடங்குமுன் நடக்கும் குண்டூசிச் சோதனை.

மூன்றாவது, தானே சரிபார்க்கும் வழி. மையும் விரல் நகமும் கற்பவருக்கு என்ன செய்தனவோ, அதைச் செய்யும் ஒன்றை ஒவ்வொரு பயிற்சியிலும் வைக்க முடியுமா என்று பார்க்கலாம். கழித்தல் கணக்கைக் கூட்டிச் சரிபார்ப்பது, எழுதிய பத்தியை உரக்கப் படித்து மூச்சு முட்டும் இடத்தில் கோடு போடுவது, வரைந்த முக்கோணத்தின் கோணங்களை அளந்து 180 வருகிறதா என்று பார்ப்பது போன்றவை. நாற்பது பேர் இருக்கும் வகுப்பில் நம் கண் எல்லாரிடமும் போக முடியாது. வேலையே பிழையைக் காட்டினால் நம் நேரம் உண்மையில் தேவைப்படும் மாணவருக்குக் கிடைக்கும்.

நான்காவது, பதம். அலகுக்கும் வில்லுக்கும் ஒரே சூடு பொருந்தாதது போல, ஒரே கண்டிப்பும் ஒரே பாராட்டும் எல்லாக் குழந்தைகளுக்கும் பொருந்தா. இது நமக்குத் தெரிந்ததே. ஆனால் கையில் ஒரு வில் உடைந்தபின் இதை நாம் கவனிக்கும் விதம் வேறாக இருக்கும்.

இப்பொழுதுபோக்கைத் தொடங்க நினைக்கும் ஆசிரியருக்கு ஒரு கோரிக்கை. முதல் கத்தியை யாருக்கும் பரிசளிக்கவோ அழகாக முடிக்கவோ அவசரப்பட வேண்டாம். வில் சற்றே மேலெழுந்து, அலகு சற்றே ஆடி, ஆணித்தலை கோணலாக இருக்கும் அந்தக் கத்தியை மேசை இழுப்பறையில் வைத்திருங்கள். ஒவ்வொரு பிழையும் எந்த நாளில், எதனால் வந்தது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். இரண்டாவது கத்தியை எங்கே தொடங்க வேண்டும் என்பதும் தெரிந்திருக்கும். ஒரு தேர்வுத்தாள் திரும்பக் கிடைக்கும்போது நம் மாணவர்களுக்கும் இவ்வளவு தெளிவாகத் தெரிய வேண்டும்.